வேலூர் வெயிலில் புதுப் பச்சையைப் பேணும் முறை

பச்சை குத்தி முடித்ததும் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்புவது இப்போது வேலூரிலும் வழக்கமாகிவிட்டது. நான் முன்கையில் குத்திக்கொண்டபோது கிடைத்த சீட்டில், தோல் வறண்டுவிடாமல் நாளுக்கு ஐந்தாறு முறை களிம்பு பூச வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. அது மே மாதம். அக்கினி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. சீட்டில் உள்ளதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பூசிக்கொண்டே இருந்ததன் பயனாக, நான்காம் நாள் பச்சையைச் சுற்றிலும் வேர்க்குருவைப் போலச் சிறு கொப்புளங்கள் கிளம்பின. ஓரிடத்தில் பொருக்கு ஊறிப் பிசுபிசுத்து, காலையில் எழுந்தபோது படுக்கை விரிப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்த இடத்தில் மை இன்றும் வெளுத்தே இருக்கிறது. குளிர்காலத்தில் அறையைச் சூடேற்றி வாழ்வதால் தோல் வெடிக்கும் நாட்டாருக்கு எழுதப்பட்ட அறிவுரையை, 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் ஒரு எழுத்தும் மாற்றாமல் பின்பற்றியது என் பிழை. நம் ஊரில் புதுப் பச்சையைக் கெடுப்பவை பெரும்பாலும் வியர்வையும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். ஆகவே பின்வரும் முறையில், பூசுவதைவிடக் கழுவுவதற்கும் உலரவிடுவதற்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், தோலுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் தானாகவே விளங்கும். ஊசி மேல்தோலைத் துளைத்து, அதற்கு அடியிலுள்ள உள்தோலில், ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் மையை விட்டுவிட்டு வருகிறது. மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை முழுவதும் உதிர்ந்து புதிதாகிவிடும். உள்தோல் அப்படி உதிராது என்பதால் அங்கே தங்கிய மை நிலைக்கிறது. உடலைப் பொறுத்தவரை அந்த மை ஒரு அந்நியப் பொருள். அதை விழுங்கி அப்புறப்படுத்த எதிர்ப்பு அணுக்கள் ஓடி வருகின்றன, விழுங்குகின்றன, ஆனால் மைத்துகள் பெரிதாக இருப்பதால் அதைச் செரிக்க முடியாமல் வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. அப்படி விழுங்கிய அணு செத்தால் அது விட்டுச்செல்லும் மையை அடுத்து வரும் அணு விழுங்கிக்கொள்கிறது என்பதைப் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018இல் எலிகளிடம் காட்டினார்கள். கறுப்பு மையைக் குத்தினாலும் நம் தோலின் வழியே பார்க்கும்போது அது நீலமும் பச்சையும் கலந்த நிறமாகத் தெரிவதும் இந்த ஆழத்தால்தான். நம் முன்னோர் கரியால் குத்திவிட்டு அதற்குப் பச்சை என்று பெயர் வைத்தது கண்ணால் கண்டதைத்தான் சொன்னதாகும். இவற்றிலிருந்து நமக்கு வேண்டிய செய்தி ஒன்று: குத்தி முடித்த அன்று உங்கள் கையில் இருப்பது ஒரு ஓவியம் அன்று, ஆயிரக்கணக்கான துளைகள் கொண்ட ஒரு திறந்த புண். மேல்தோல் மூடுவதற்கு இரண்டிலிருந்து நான்கு வாரங்களும், அடியிலுள்ள தோல் முழுமையாகத் தேறுவதற்கு இரண்டு மூன்று மாதங்களும் ஆகும்.

முதல் நாளில் இரத்தமும் நிறமற்ற நீரும் சிறிது மையும் கலந்து வடியும். இதைக் கண்டு மை எல்லாம் வெளியேறிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. மிகுதியாக இருந்த மைதான் வருகிறது. கடையில் சுற்றி அனுப்பும் உறை இரண்டு வகையாக இருக்கும். சமையலறையில் உணவை மூடப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் என்றால், வீட்டுக்கு வந்து சேர்ந்த சில மணி நேரத்தில், அதாவது கடைக்காரர் சொன்ன நேரம் முடிந்ததும், அதை அகற்றிவிட வேண்டும். காற்றுப் போகாத அந்தத் தாளுக்குள் வேலூர் வெயிலில் வடிநீரும் வியர்வையும் சேர்ந்து அரைநாளில் ஒரு சிறு குட்டையாகிவிடும். கிருமிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. தோலோடு ஒட்டிக்கொள்ளும், செகண்ட் ஸ்கின் என்று அழைக்கப்படும் மருத்துவப் படலம் என்றால் அதன் வழியே ஆவி வெளியேறும் என்பதால் சில நாட்கள் வைத்திருக்கலாம். ஆயினும் முதல் 24 மணி நேரத்தில் அதற்குள் நீர் மிகுதியாகத் தேங்கினாலோ, ஓரம் பிரிந்து வெளிக்காற்றும் தூசியும் உள்ளே போக வழி ஏற்பட்டாலோ, பசை பட்ட இடம் சிவந்து அரித்தாலோ, சொன்ன நாள் வரும்வரை காத்திராமல் எடுத்துவிடுவதே நல்லது. எடுக்கும்போது வெதுவெதுப்பான நீரைக் காட்டி, தோலோடு இணையாக மெல்ல இழுத்து எடுக்க வேண்டும். மேல்நோக்கி வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. கோடையில் குத்திக்கொள்பவர்களுக்கு, குறிப்பாக இருசக்கர வண்டியில் நாளெல்லாம் திரிபவர்களுக்கு, இந்தப் படலத்துக்கடியில் வியர்வை தேங்கி ஓரம் பிரிவது சாதாரணம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கழுவுவதுதான் இந்தப் பராமரிப்பின் உயிர்நாடி. முதலில் கழுவ வேண்டியது பச்சையை அன்று, உங்கள் கைகளை. சோப்புப் போட்டு, நகக்கண்கள் உட்பட. பிறகு வாசனையில்லாத மென்மையான சோப்பை உள்ளங்கையில் நுரைத்து, அந்த நுரையை விரல் நுனியால் மட்டும் பச்சையின் மீது வட்டமாகத் தடவி, வழவழப்பான வடிநீர் முழுவதும் போகும்வரை கழுவ வேண்டும். நார், பீர்க்கங்கூடு, துணி எதுவும் ஆகாது. நம் ஊரில் கவனிக்க வேண்டிய இன்னொன்று தண்ணீர். பல தெருக்களில் குளிப்பதற்கு வருவது உப்புச் சுவையுள்ள போர் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது, நுரைத்த சோப்பும் எளிதில் போகாது, காய்ந்தபின் தோலில் வெள்ளை படிகிறது. மேல்தோல் மூடாத முதல் நான்கைந்து நாட்களுக்கு, குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு ஒரு சுத்தமான செம்பில் எடுத்து, கடைசி அலசலுக்காவது அதைப் பயன்படுத்துவது சிரமமில்லாத காரியம். மொட்டைமாடித் தொட்டி நீர் மதியத்தில் கொதித்துக்கொண்டு வரும் என்பதால், அப்போது குழாயைத் திறந்து நேராகக் கையை நீட்டிவிடாதீர்கள்.

கழுவியதும் துவைத்த துண்டாக இருந்தாலும் துண்டால் துடைக்க வேண்டாம். அதன் இழைகள் பொருக்கில் மாட்டும், வீட்டார் எல்லாரும் துடைத்த துண்டில் கிருமி இருக்கும். டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் பத்து நிமிடம் உலரவிட வேண்டும். நாளுக்கு இரண்டு மூன்று முறை கழுவுவது போதுமானது. வெளியே அலைந்து வியர்த்து வந்தால் ஒருமுறை கூடுதலாகக் கழுவலாம். ஆனால் பயத்தில் மணிக்கொருமுறை கழுவிக்கொண்டிருந்தால் தோல் வெள்ளையாக ஊறிவிடும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, காட்டமான கிருமிநாசினி ஆகியவை முளைத்து வரும் புதுத்தோலையும் சேர்த்துச் சுடுவதால் அவற்றை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

களிம்பு என்பது கழுவி முழுவதும் உலர்ந்த பின்னர்தான். அளவு சொல்வதென்றால், உள்ளங்கை அளவுள்ள பச்சைக்கு ஒரு பட்டாணி அளவுக்கும் குறைவாக எடுத்து, தடவியபின் தோலில் இலேசான பளபளப்பு மட்டும் தெரியும்படி பரப்ப வேண்டும். மிகுதியானதை டிஷ்யூவால் ஒற்றிவிடலாம். பெட்ரோலியம் ஜெல்லி போன்ற கெட்டியான பொருட்கள் நம் கோடையில் வியர்வைத் துளைகளை அடைத்துவிடும். வாசனையில்லாத, நீர் கலந்த மெல்லிய லோஷன் போதும். காலை ஒருமுறை, இரவு ஒருமுறை என்பதே கோடையில் எனக்குப் பொருந்திய கணக்கு. மார்கழிப் பனியில் தோல் இழுத்துப் பிடித்தால் மூன்றாவது முறை பூசலாம். மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் களிம்பைத் தற்காப்பாகப் பூசுவது பலருடைய வழக்கம். நியோமைசின் கலந்த களிம்புகள் கணிசமானவர்களுக்கு ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. அந்தச் சிவப்பையும் அரிப்பையும் புண் சீழ்ப்பிடித்ததாக எண்ணி மேலும் பூசினால் நிலைமை முற்றும். சீழ் இல்லாத இடத்தில் அந்தக் களிம்புக்கு வேலையே இல்லை.

வீட்டுப் பெரியவர்களின் வைத்தியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் பாட்டியின் இரண்டு முன்கைகளிலும் கோலப் பச்சை உண்டு; வீடு வீடாகக் கூடையோடு வந்த குறத்தி குத்தியது. விளக்குக் கரியைக் குழைத்துக் குத்தி, மேலே மஞ்சளை அரைத்துப் பூசிவிட்டுப் போனாள், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது பாட்டியின் வாதம். மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மஞ்சள் தூள், பலர் கை பட்டது, தூசியும் பூஞ்சை வித்துகளும் கலந்தது, நிறத்துக்காகக் கலப்படம் செய்யப்பட வாய்ப்புள்ளது. அதைத் திறந்த புண்ணில் அப்புவதும் கிழங்கை அரைத்துப் பூசுவதும் ஒன்றாகாது. தவிர, மஞ்சள் நிறம் படிந்துவிட்டால் அடியில் தோல் சிவக்கிறதா என்பதே கண்ணுக்குத் தெரியாமல் போகும். தேங்காய் எண்ணெயையும் பொருக்கு முழுவதும் உதிர்ந்த பிறகு, மூன்றாம் வாரத்துக்குமேல் தடவிக்கொள்ளலாம், அதற்குமுன் வேண்டாம். பெரியவர்கள் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது என்பது தனிக்கலை. டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொல்லி நான் தப்பித்தேன்.

மூன்றாம் நாளுக்குள் சிவப்பும் வீக்கமும் தணியத் தொடங்கும். நான்காம் ஐந்தாம் நாளில் தோல் இறுகி, வெயிலில் காய்ந்தவன் முதுகைப் போலச் செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும். உரிந்த செதிலிலும் மை ஒட்டியிருக்கும். இதோடு வருவது நமைச்சல். பெரும்பாலான பச்சைகள் கெடுவது இந்த இரண்டாவது வாரத்தில்தான், அதுவும் தூக்கத்தில். தொங்கும் செதிலை இழுத்தால் அதன் மறுமுனை இன்னும் ஆறாத தோலில் பிடித்திருக்கும். அது மையோடு பெயர்ந்து வரும். நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டு, நமைச்சல் பொறுக்க முடியாதபோது உள்ளங்கையால் மெல்லத் தட்டலாம், அல்லது குளிர்ந்த நீரில் கழுவி உலர்த்தலாம். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பச்சைக்குச் சற்றுத் தள்ளி ஒத்தடம் கொடுப்பதும் உதவும். இந்த நாட்களில் பச்சை மங்கலாக, மேலே பால் படர்ந்ததுபோலத் தெரியும். புதிதாக முளைத்த தோலின் தன்மை அது. ஓரிரு வாரத்தில் தெளிந்துவிடும். இதைக் கண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

இரவுகளைப் பற்றித் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள். அந்த மரமில்லா மலைகளின் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் கக்குவதால், பொழுது சாய்ந்தும் புழுக்கம் குறைவதில்லை. கரண்ட் போய்விட்டால் வியர்வையில் விரிப்போடு ஒட்டிக்கொள்வது நிச்சயம். துவைத்து வெயிலில் காய்ந்த, வெளுத்த பருத்தி விரிப்பை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பச்சை உள்ள பக்கம் கீழே வராமல் படுக்கத் தலையணையை அணைகொடுங்கள். அப்படியும் துணி ஒட்டிக்கொண்டால் இழுக்காமல், ஒட்டிய இடத்தை நீரில் நனைத்து, தானாக நழுவும்வரை காத்திருக்க வேண்டும். நான் செய்யத் தவறியது அதுதான். பகலில் தளர்வான பருத்திச் சட்டை ஏற்றது. கஞ்சி போட்ட சட்டையின் விறைப்பான கைவிளிம்பு முன்கைப் பச்சையை அரத்தைப்போல் தேய்க்கும். தோள்பட்டையில் குத்தியவர்கள் பைப்பட்டையையும், கணுக்காலில் குத்தியவர்கள் காலுறை விளிம்பையும் கவனிக்க வேண்டும். வீட்டில் ஆடோ நாயோ பூனையோ இருந்தால் அவை நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிணறு, ஏரி, நீச்சல் குளம் ஆகியவற்றில் குறைந்தது மூன்று வாரம் இறங்கக் கூடாது. குளிப்பது சுருக்கமாக, மேலிருந்து நீரை ஊற்றிக்கொள்வதாக இருக்கட்டும். ஆடியில் அம்மன் கோயில் மஞ்சள் நீராட்டு, வைகாசி முதல் நாளில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வல நெரிசல் போன்றவற்றுக்குப் போக நினைப்பவர்கள், பச்சை குத்தும் நாளை அதற்கு ஒரு மாதம் முன்போ அதற்குப் பின்போ வைத்துக்கொள்வது எல்லாவற்றையும்விட எளிய வழி. உண்மையில் வேலூரில் பச்சை குத்த ஏற்ற காலம் கார்த்திகையிலிருந்து மாசி வரை என்பேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் இரண்டு விஷயங்களை அறிந்திருக்க வேண்டும். ஊறவைக்கும் தொட்டிகளின் சுண்ணாம்பும் குரோம் உப்பும் ஆறாத தோலில் பட்டால் புண் ஆழமாகும்; கையில் குத்திக்கொள்வதானால், மேல்தோல் மூடும்வரை உலர்ந்த பகுதி வேலைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். ரப்பர் கையுறை புண்ணுக்குப் பாதுகாப்பன்று. உள்ளே வியர்வை ஊறும். இரண்டாவது, குரோமியத்தால் ஏற்கெனவே கையில் படை வந்தவர்களுக்குப் பச்சை நிற மை ஆகாமல் போகலாம், ஏனெனில் சில பச்சை நிற மைகளில் நிறம் தருவது குரோமியச் சேர்மமே. கறுப்போடு நிறுத்திக்கொள்வது அவர்களுக்கு உத்தமம். ஒவ்வாமையில் முதலிடம் வகிப்பது சிவப்பு மை. அது குத்தியவுடன் காட்டாமல், மாதங்கள் கழித்துக்கூட அந்த நிறம் உள்ள இடத்தை மட்டும் தடித்து அரிக்கச் செய்யும்.

எது இயல்பு, எது ஆபத்து என்று பிரித்தறிய ஒரு நம்பகமான வழி, நாளுக்கு நாள் ஒப்பிடுவது. தினமும் ஒரே வெளிச்சத்தில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இயல்பான புண்ணில் நேற்றைவிட இன்று சிவப்பு குறைந்திருக்கும். மூன்றாம் நாளுக்குப் பிறகு சிவப்பு பச்சையின் எல்லையைத் தாண்டிப் பரவினாலோ, தொட்டால் சுடுமளவுக்குச் சூடும் வலியும் கூடினாலோ, மஞ்சளாகவோ பச்சையாகவோ நாற்றத்துடன் சீழ் வந்தாலோ, காய்ச்சலும் குளிரும் கண்டாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பச்சையிலிருந்து உடலை நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினால் காலையாகட்டும் என்று காத்திருக்கவே கூடாது. சிஎம்சி இருக்கும் ஊரில், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் சிகிச்சைப் பிரிவு இருக்கும்போது, தொழுநோய்க்கென்று தொடங்கித் தோல் நோய்களுக்கும் பார்க்கும் கரிகிரி மருத்துவமனை காட்பாடிக்கு அப்பால் இருக்கும்போது, சீழ் வைத்த புண்ணுக்கு மருந்துக்கடையில் நின்று மாத்திரை வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது. இரண்டு மூன்று வாரம் கழித்து, எல்லாம் ஆறியபின், சாம்பல் நிற நிழல் கொடுத்த இடங்களில் மட்டும் சிவந்த பருக்கள் தோன்றினால் அதையும் காட்டுங்கள். சுத்தமற்ற நீரால் நீர்க்கச் செய்த மையின் வழியாக, காசநோய்க் கிருமியின் தாயாதியான ஒரு வகை நுண்ணுயிர் தோலுக்குள் போவதுண்டு. 2011இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் 19 பேருக்கு இப்படி வந்தது. அது சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அடங்காது, மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டியிருக்கும்.

திருவிழாக் கடையில், ஊசியை மாற்றினார்களா என்று தெரியாமல் குத்திக்கொண்டுவிட்டவர்களுக்கு, தோல் ஆறுவதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. ஒரே ஊசி பலரைக் குத்தினால் மஞ்சட்காமாலை பி, சி வைரஸ்களும் எச்ஐவியும் பரவ வழியுண்டு. எச்ஐவிக்கான தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் உண்டு. காமாலை பி தடுப்பூசியும் போடாதிருந்தால் உடனே போட வேண்டும். பத்தாண்டுகளாக டெட்டனஸ் ஊசி போடாதவர்கள் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், இரகசியமும் காக்கப்படும். 1986இல் இந்தியாவில் எச்ஐவி முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளைச் சோதித்தது இதே வேலூரின் சிஎம்சி ஆய்வகம்தான் என்பதை, இந்தப் பரிசோதனைக்குப் போகக் கூச்சப்படும் நண்பர்களிடம் சொல்வது என் வழக்கம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு எல்லாக் காலக்கணக்கையும் ஒன்றரை மடங்காகவாவது வைத்துக்கொள்ள வேண்டும். காலில் குத்துவதை அவர்கள் தவிர்ப்பது நலம். காது குத்திய இடமோ அறுவைத் தழும்போ தடித்து வளர்ந்தவர்களுக்கு, மார்பிலும் தோளிலும் பச்சைக் கோடுகள் அப்படியே மேடாகிவிடக்கூடும்.

தோல் மூடும்வரை வெயிலைத் துணியால் மட்டுமே மறைக்க வேண்டும். ஆறாத தோலில் சன்ஸ்கிரீன் பூசக் கூடாது. ஆறிய பிறகு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை வெளியே போகும் கால்மணி நேரத்துக்குமுன் பூசி, நெடுநேரம் வெயிலில் நின்றால் இரண்டு மணிக்கொருமுறை புதுப்பிக்கலாம். வண்டி ஓட்டும்போது நாளெல்லாம் வெயிலை நேராக வாங்குவது முன்கைதான். அங்கே குத்தியவர்களுக்கு, பெண்கள் அணியும் முழுக்கை உறையே சன்ஸ்கிரீனைவிடச் சிக்கனமானது. ஆண்கள் அணிந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

வேலூரில் இருப்பவரிடம் எந்த நேரமும் யாராவது இரத்தம் கேட்பார்கள். சிகிச்சைக்கென்று பல மாநிலங்களிலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்களின் உறவினர்கள் கல்லூரி வாசலில் நின்று கேட்பதும் உண்டு. பச்சை குத்திய 12 மாதங்களுக்கு நம் நாட்டு விதிப்படி இரத்தம் கொடுக்க முடியாது. படிவத்தில் அந்தக் கேள்வி வரும்போது மறைக்காமல் எழுதுங்கள், குத்திய தேதியைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள்.

விட்டுப்போன இடங்களை மறுபடி குத்தி நிரப்புவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் கழியாமல் கடைக்குப் போக வேண்டாம். அந்த இடத்தை விரலால் தடவும்போது பக்கத்துத் தோலுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியக் கூடாது. மேடோ, மினுமினுப்போ, இலேசான கூச்சமோ இருந்தால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். என் முன்கையில் வெளுத்துப்போன இடத்தை நான் இன்னும் நிரப்பவில்லை. இந்த முறை தை மாதத்துக்குத்தான் நேரம் கேட்டிருக்கிறேன்.